தேய்மானம் என்ற சொல்

போன வருடம் பங்குனியில் முக்கூடலில் எங்கள் தெருவில் ஒரு துஷ்டி. இறந்தவர் அம்மாவின் பால்யத் தோழி. இருவரும் ஒரே திண்ணையில் எதிரெதிரே சுளகை மடியில் வைத்துக்கொண்டு முப்பது வருடம் பீடி சுற்றியவர்கள். தகவல் வந்ததும் நான் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, அம்மா வீட்டுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான்கு வீடு தள்ளி ஒப்பாரி கேட்கிறது. "நீங்கள் போகவில்லையா?" என்றேன். "போய் எங்கே உட்கார? எல்லோரும் தரையில் இருப்பார்கள். நான் மட்டும் அவள் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்காரவா?" என்றாள். காலையில் வாசல் வரைக்கும் போய், நின்றபடியே முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். கூட உட்கார்ந்து, தோளைக் கட்டிக்கொண்டு அழுவதற்கு அவளால் முடியவில்லை. அன்றைக்கு முழுவதும் அவள் அழவே இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

அதற்கு ஒரு வருடத்துக்கும் முன்பு, நகரத்தில் ஒரு மருத்துவர் அம்மாவின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இரண்டு மூட்டும் தேய்ந்துவிட்டது" என்று சொல்லியிருந்தார். கீழே உட்காரக் கூடாது, படி ஏறக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, ஓய்வு எடுக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. வெளியே வந்ததும் அம்மா அந்த ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள், தேய்ந்துவிட்டது என்று. தேய்ந்த பொருளை எப்படிப் புழங்க வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பெண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சோப்பின் கடைசிச் சில்லைப் புதுச் சோப்போடு ஒட்டிக் குளிப்பவர்கள் அவர்கள். செருப்பு தேயாமல் இருக்கக் கையில் எடுத்துக்கொண்டு ஆற்றுமணலில் நடந்தவர்கள். அன்றிலிருந்து அம்மா தன் மூட்டுகளையும் அப்படி மிச்சம் பிடிக்கத் தொடங்கினாள்.

நாங்களும் கூடவே சேர்ந்துகொண்டோம். நான் நாற்காலி வாங்கிப் போட்டேன். திருப்பூரிலிருந்து தம்பி பணம் அனுப்பி, மேல்நாட்டுக் கழிப்பறை வைத்தான். தண்ணீர் எடுத்து வைக்கவும் வாசல் பெருக்கவும் ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தோம். பீடி இலையையும் தூளையும் வாங்க வேண்டாம் என்று நிறுத்தினோம். ஆற்றுக்குப் போகக் கூடாது என்று சொன்னவள் நான்தான். படித்துறைப் படி ஒவ்வொன்றும் ஒரு முழ உயரம், பாசி வேறு. எல்லாவற்றையும் அன்பினால்தான் செய்தோம். அம்மாவின் கால்கள் எங்கள் கண் முன்னால் மெலிந்துகொண்டு வந்தன. இடுப்பு மட்டும் பெருத்தது. வலி குறையவில்லை. வலி கூடக்கூட, இன்னும் கொஞ்சம் ஓய்வு கொடுத்தோம்.

கைக்குப் போன இடத்தில்

ஆடிச் சாரல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அம்மா புறவாசலில் வழுக்கினாள். பெரிய விழுதல் என்று சொல்ல முடியாது. நின்ற இடத்திலிருந்து சரிந்து, இடது கையை ஊன்றினாள், அவ்வளவுதான். மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம். கட்டுப் போட்ட இடத்தில் எலும்பைப் பொருத்தினார்கள், மாத்திரை எழுதினார்கள், அனுப்பிவிட்டார்கள். மாதவிலக்கு நின்று பதினைந்து வருடம் ஆன ஒரு பெண்ணுக்கு, வெறும் தரையில் சரிந்து விழுந்ததற்கே எலும்பு முறிகிறதென்றால், அந்த எலும்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அப்போது தெரியாது.

கட்டுப் பிரித்ததும் விரல்கள் மடங்கவில்லை. கைக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் கூட்டிக்கொண்டு போனேன். என் மகளைவிட நான்கைந்து வயது மூத்த பெண். அம்மாவின் கையைத் தொடுவதற்கு முன்பே, அம்மா நாற்காலியிலிருந்து எழுந்த விதத்தைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆச்சி, திரும்ப உட்காருங்கள். இரண்டு கையையும் நெஞ்சில் கட்டிக்கொள்ளுங்கள். இப்போது எழுந்திருங்கள்" என்றாள். அம்மா முன்னால் சாய்ந்தாள். தொடை நடுங்கியது. உடம்பு ஒரு சாண் உயர்ந்து, திரும்ப நாற்காலியில் விழுந்தது. இன்னொரு முறை முயன்றாள். மூன்றாவது முறை என் முகத்தைப் பார்த்தாள். தாமிரபரணியிலிருந்து தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் என்று படித்துறை ஏறி வந்த அம்மாவை எனக்கு நினைவிருக்கிறது. அவளால் ஒரு சாதாரண நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியவில்லை.

அந்தப் பெண் வருத்தப்படவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. ஒரு கேள்வி கேட்டாள். "ஆச்சி, பீடி சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கீழே உட்கார்ந்து எழுவீர்கள்?" அம்மா கணக்குப் போட்டாள். இலையை நனைத்து வைக்க, உலையைப் பார்க்க, கோழியை விரட்ட, தண்ணீர் பிடிக்க, திரும்ப வந்து சுளகின் முன் உட்கார. "நாற்பது இருக்கும் பிள்ளை. அதற்கு மேலேயும் இருக்கும்." "அதை விட்டு எவ்வளவு நாளாகிறது?" "இரண்டு வருடம் நெருங்குகிறது." அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "அக்கா, தினமும் நாற்பது தடவை செய்துகொண்டிருந்த உடற்பயிற்சியை நீங்கள் நிறுத்தியிருக்கிறீர்கள்" என்றாள். குற்றம் சாட்டும் குரலே இல்லை. எனக்கு உட்கார முடியவில்லை, எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

முப்பது வினாடியில் கை ஊன்றாமல் எத்தனை முறை உட்கார்ந்து எழ முடிகிறது என்று பார்ப்பது உலகம் முழுவதும் இருக்கிற ஒரு எளிய சோதனை. 60 முதல் 64 வயது வரையுள்ள பெண்கள் 12 முறையாவது எழ வேண்டும், அதற்குக் கீழே போனால் விழும் ஆபத்து அதிகம் என்று கணக்கு. அம்மாவின் எண் பூஜ்யம்.

எலும்பு கேட்பது என்ன

அன்றிலிருந்து நான் கேட்டதும் படித்ததும் எல்லாம் அந்தத் தேய்மானம் என்ற சொல்லை எனக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிப் போட்டன. மூட்டின் முனையில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. பாரம் அழுத்தும்போது அதிலிருந்து நீர் வெளியேறுகிறது, பாரம் விலகும்போது சத்தோடு நீரை உறிஞ்சிக்கொள்கிறது. அழுத்தி விடுவதுதான் அதற்குச் சாப்பாடு. அசையாமல் வைத்திருந்தால் பட்டினிதான். எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் மூட்டுக்காரர்கள் வலியில்லாமல் நடப்பதும், படம் நன்றாக இருப்பவர்கள் வலியில் துடிப்பதும் சாதாரணம். மூட்டுக்கு வர வேண்டிய பாரத்தைத் தொடையின் முன் தசை வாங்கிக்கொள்கிறது. அந்தத் தசை மெலிந்தால் பாரம் முழுவதும் மூட்டின் தலையில் இறங்குகிறது.

எலும்பின் கதை வேறு. எங்கள் ஊரில் இரண்டையும் சேர்த்து 'எலும்புத் தேய்மானம்' என்றுதான் சொல்கிறார்கள். மூட்டு வலித்துக் காட்டிக்கொடுத்துவிடும். எலும்புப்புரையோ, எலும்பு முறியும்வரை மூச்சு விடாது. புரை என்ற சொல் எவ்வளவு பொருத்தம் பாருங்கள், வெளியே மரம் போல நின்று உள்ளே துளைத்துப் போவது. எலும்பில் பழையதைத் தின்னும் உயிரணுக்களும் புதியதைக் கட்டும் உயிரணுக்களும் வாழ்நாள் முழுவதும் வேலை செய்கின்றன. தின்பவற்றைக் கட்டுக்குள் வைத்திருந்தது ஈஸ்ட்ரோஜன். மாதவிலக்கு நின்றதும் அந்தக் கட்டு அவிழ்கிறது. முதல் ஐந்து முதல் ஏழு வருடங்களில்தான் இழப்பு மிக வேகம். கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் இளம் வயதிலேயே எடுத்துவிட்ட பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது.

பாரத்துக்குத் தக்கபடி எலும்பு தன்னைக் கட்டிக்கொள்கிறது என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப் 1892-இலேயே எழுதிவைத்தார். பணகுடிப் பக்கம் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறார்களே, அந்த ராக்கெட்டுகள் போகிற எடையில்லா வெளியில் மாதக்கணக்கில் தங்கும் விண்வெளி வீரர்கள் இடுப்பெலும்பில் மாதம் 1 முதல் 1.5 சதவீதம் வரை இழக்கிறார்கள். அவர்கள் நல்ல உடல்வலு உள்ளவர்கள், நல்ல சாப்பாடு சாப்பிடுகிறவர்கள், மேலே இருக்கும்போதும் தினமும் பயிற்சி செய்கிறவர்கள். நாங்கள் அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து அதே மாதிரி ஒரு வெளிக்குத்தான் அனுப்பியிருந்தோம்.

மருந்து வேண்டாம் என்று இதை யாரும் படித்துவிடக் கூடாது. எலும்பு அடர்த்திப் பரிசோதனையில், இளம்பெண்களின் சராசரியோடு ஒப்பிட்டுத் தரும் டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5-ஐத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ எலும்புப்புரை என்பது உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த எல்லை. அம்மாவின் முதுகெலும்பு அதற்கும் கீழே இருந்தது. ஏற்கெனவே ஒரு முறிவு வேறு. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை வாரம் ஒருமுறை வெறும் வயிற்றில் போடுகிறாள், போட்டபின் அரைமணி நேரம் படுக்காமல் இருக்கிறாள். ஆனால் மாத்திரை தொடையில் சதையைக் கொண்டுவராது. விழுகிற நேரத்தில் காலை ஊன்றி நிறுத்தாது. அந்த மற்ற பாதியைப் பற்றித்தான் என் ஆதங்கம் எல்லாம்.

புளியமுத்துக் கணக்கு

நாற்காலியின் மேல் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கி, அதிலிருந்து எழச் சொன்னாள் அந்தப் பிசியோதெரபிஸ்ட் பெண். முதல் வாரம் மூன்று முறை. ஒரு தலையணையை எடுக்க ஒரு மாதம் ஆனது. கால் நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அழுத்திப் பிடிப்பது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, வாசற்படியில் ஒரு காலை வைத்து ஏறி இறங்குவது. அம்மா சும்மா கிடந்த சுளகை எடுத்து, ஒரு சுற்று முடித்தால் ஒரு புளியமுத்தைப் போட்டு வைத்தாள். சாயங்காலம் நான் போன் செய்தால் எண்ணிச் சொல்வாள். பீடிக் கணக்கில் ஒருநாளும் ஒன்று கூடவோ குறையவோ சொல்லாதவள் அவள்.

ஐந்தாம் நாள் மூட்டு வீங்கியது. தம்பி போனில் கத்தினான். டாக்டர் கூடாது என்றதையே செய்ய வைத்து அம்மாவை முடக்கப் பார்க்கிறாயா என்றான். நானும் பயந்துவிட்டேன். அந்தப் பெண்தான் ஒரு அளவுகோல் சொன்னாள். பயிற்சியின்போது பொறுக்கக்கூடிய வலி இருக்கலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பவில்லையென்றால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமே தவிர நிறுத்தக் கூடாது. இந்த ஒரு வாக்கியத்தை அந்த எக்ஸ்ரே நாளில் யாராவது சொல்லியிருந்தால் இரண்டு வருடம் மிஞ்சியிருக்கும். குறைத்தோம். இரண்டு மாதம் கழித்துத்தான் வலி இறங்குவது தெரிந்தது. அவ்வளவு நாள் பொறுத்திருக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் பெண்கள் மூன்றாம் வாரமே விட்டுவிடுவார்கள்.

இரவில் நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒற்றடம் கொடுப்பதை நாங்கள் விடவில்லை. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற சீமை இது. ஒற்றடம், ஆவி பிடிக்கும் வேது, உடம்பைப் பிடித்துவிடும் தொக்கணம் எல்லாம் எங்களுக்குப் பழக்கம். சூடு குருத்தெலும்பை வளர்க்காது. ஆனால் இறுக்கம் தளர்ந்து, மறுநாள் காலையில் அம்மா முகம் சுளிக்காமல் பயிற்சிக்கு உட்கார்ந்தாள். எனக்கு அது போதும்.

நடுவில் சித்தி மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். குனிந்து கால் கட்டைவிரலைத் தொடுவது, மல்லாந்து படுத்து எழுந்து உட்காருவது. அம்மாவுக்கு உற்சாகம். அந்தப் பெண் பார்த்த உடனே வேண்டாம் என்றாள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், முதுகெலும்பில் எலும்புப்புரை உள்ள பெண்களில் முன்னால் குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்கு முதுகெலும்பில் புதிய நசுங்கல் வந்தது, முதுகைப் பின்னால் நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் வித்தியாசம் எவ்வளவு. நாற்பது வருடம் சுளகின் மேல் குனிந்தே இருந்த முதுகு எங்கள் அம்மாவுடையது. நான் பீடித் தொழிலைப் போற்றிப் பேச வரவில்லை. அந்தத் தூளும் அந்தக் கூனும் அந்தக் கூலியும் எனக்குத் தெரியும். திரும்ப அதில் உட்கார அவளை விடமாட்டேன். அதோடு சேர்ந்து போய்விட்ட நாற்பது எழுதலைத்தான் திருப்பிக் கொண்டுவரப் பார்த்தோம். இப்போது குப்புறப் படுத்து நெஞ்சை இரண்டு விரற்கடை தூக்கி நிறுத்துகிறாள். சுவரில் முதுகை ஒட்டி நின்று தோளைப் பின்னால் இழுக்கிறாள்.

காலை நடை மட்டும் போதும் என்று நம்பியிருந்தேன். அதிலும் திருத்தம் வந்தது. நடப்பது இதயத்துக்கும் மனதுக்கும் நல்லது, எலும்பின் அடர்த்தியைக் கூட்ட அது மட்டும் பற்றாது. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் எலும்பு மெலிந்த, மாதவிலக்கு நின்ற 101 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், நேரடிக் கண்காணிப்பில் கனமான எடையைத் தூக்க வைத்தார்கள். எட்டு மாதத்தில் அவர்களுடைய கீழ் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் இலேசான பயிற்சி செய்த மற்ற பாதிக்கு 1.2 சதவீதம் குறைந்தது. 2018-இல் இது வெளியானது. கண்காணிப்பில் என்ற சொல்லை விட்டுவிட்டு இதைப் படிக்கக் கூடாது. அம்மாவுக்கு ஆறாம் மாதத்தில்தான் பாரம் வந்தது. பாதி நிரப்பிய குடத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழ வேண்டும். குடம் என்றதும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கமாட்டேன்.

வெயிலும் களியும்

வெயிலுக்குப் பேர்போன எங்கள் சீமையில் அம்மாவின் ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருந்தது. யோசித்தால் வியப்பில்லை. பீடி சுற்றும் பெண்களுக்குப் பகல் முழுவதும் திண்ணை நிழல்தான். இளவெயிலில் நில்லுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். காலை ஆறரை மணி வெயில் இதமாக இருக்கும், ஆனால் தோலில் வைட்டமின் டியை உண்டாக்கும் கதிர் அதில் அநேகமாக இல்லை. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்து வெயில்தான் வேண்டும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தாலும் பயனில்லை. பதினொரு மணிக்கு அம்மா கையையும் காலையும் காட்டிக்கொண்டு முற்றத்தில் வற்றல் காயப்போடுகிறாள். அது ஒரு சாக்கு.

எனக்கு வயது வந்தபோது ஆச்சி தினமும் உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தாள். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் குழைய, ஒரு குழி பறித்து அதில் எண்ணெயை ஊற்றி, "இடுப்பெலும்பு உரமாக வேண்டும், தின்னுட்டி" என்பாள். தெருவே எனக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று யோசித்தது. அம்மாவுக்கு நாற்பத்தாறு வயதில் மாதவிலக்கு நின்றபோது யாருக்கும் தெரியாது. அம்மா யாரிடமும் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவில்லை. இனி வீட்டுக்குத் தூரமாகும் நாள் கணக்குப் பார்க்காமல் கோயிலுக்குப் போகலாம் என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. ஒரு பெண்ணின் எலும்புக்கு இரண்டாவது முறை களி தேவைப்படும் காலம் அது. வீட்டில் எல்லோருக்கும் பால் ஊற்றிவிட்டுத் தனக்குக் கறுப்புக் காப்பி போட்டுக்கொள்ளும் வயதும் அதுதான். இப்போது காலையில் கேப்பைக் கூழ், மோர், வாரத்தில் மூன்று நாள் முருங்கைக் கீரை, முள்ளோடு மென்று தின்ன நெத்திலி, இட்லிக்கு எள்ளுப் பொடி. உளுந்தையும் பயற்றையும் கூட்டி, சோற்றைக் குறைத்ததில் நான்கு கிலோ எடை இறங்கியிருக்கிறது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் மூட்டுக்கு நான்கு கிலோ பாரம் குறைகிறது என்பதால் அந்த நான்கை நான் பதினாறாகத்தான் எண்ணுகிறேன்.

தரையில் உட்காரலாமா கூடாதா என்பதில் எனக்கு நீண்ட நாள் தெளிவில்லை. காலை மடக்கி மணிக்கணக்கில் உட்காருவது வலிக்கும் மூட்டுக்கு நல்லதில்லை என்பது சரி. ஆனால் தரைக்குப் போய்த் திரும்பி வரத் தெரியாத ஒரு பெண், வீட்டில் தனியாக விழுந்தால் என்ன செய்வாள்? யாராவது வரும்வரை கிடக்க வேண்டியதுதான். ஏழாம் மாதத்தில் அந்தப் பெண் இதையே பயிற்சியாகச் சொல்லிக்கொடுத்தாள். கட்டிலைப் பிடித்து ஒரு முழங்காலை ஊன்றுவது, பக்கவாட்டில் உட்காருவது, திரும்பித் தவழும் நிலைக்கு வந்து, பலமான காலை முன்னால் வைத்து எழுவது. முழங்காலுக்கு அடியில் மடித்த போர்வை. முதல் நாள் எழுவதற்குள் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

சென்ற மாதம் கணக்கெடுத்தபோது முப்பது வினாடியில் பதினொன்று. அம்மாவுக்கு அந்த ஒன்று குறைந்ததில் வருத்தம். மாசியில் மேலத்தெருவில் ஒரு துஷ்டிக்குப் போயிருக்கிறாள். பெண்களோடு தரையில் உட்கார்ந்து, அரை மணி நேரம் அழுதுவிட்டு, தூணைப் பிடித்து எழுந்து வந்தாள் என்று பக்கத்து வீட்டு மதினி எனக்குப் போனில் சொன்னாள். யாருக்காக அழுதாள் என்று எனக்குத் தெரியும்.

எனக்கும் நாற்பது தாண்டிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா புளியமுத்தை எண்ணிக்கொண்டிருந்தபோது, எனக்கு நின்று எட்டு மாதம் ஆகிறது என்று சொன்னேன். எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நேற்று நான் போய் இறங்கியபோது தெருமுனை வரைக்கும் உளுந்து வறுக்கும் வாசம் வந்துகொண்டிருந்தது. அடுப்படியில் களியைத் தட்டில் போட்டு, நடுவில் குழி பறித்து, நல்லெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். "முதலில் அந்த நாற்காலியில் பத்துத் தடவை எழுந்து உட்காருட்டி. பிறகு தருகிறேன்" என்றாள்.